நடந்து போனவரை வண்டி மோதினால்: போலீஸ் வழக்கு வேறு, இழப்பீடு வேறு

கோலாலம்பூர் செந்தூலில் ஜாலான் ஈப்போவைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி, 42 வயது ஆள் ஒருவருக்குக் கால் எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸ் வருகிறது, போலீஸ் வருகிறது, மோட்டார்காரருக்குச் சம்மன் போடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து வீட்டில் ஒரு கேள்வி எழும்: "அவன் அபராதம் கட்டிட்டானாம். நமக்குப் பணம் எப்ப வரும்?"

தானாக வராது. அந்த அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விட்டது. அடிபட்டவருக்குச் சேர வேண்டிய தொகை வேறொரு வழியில் வர வேண்டும். அந்த வழியை அவரோ குடும்பமோ கேட்டுத் திறந்தால்தான் உண்டு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம். போலீஸ் பார்த்துக்கொள்ளும், மருத்துவமனை பார்த்துக்கொள்ளும், காப்புறுதிக்காரர்கள் தேடி வருவார்கள் என்று காத்திருந்தே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஒரே விபத்து, இரண்டு பாதைகள்

1. குற்றவியல் பாதை. இது அரசாங்கத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான விவகாரம். 1987 ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு கவனக்குறைவாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது, 42 ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதை. அபாயகரமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 41 ஆம் பிரிவு, குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்போ காயமோ ஏற்படுத்தினால் 44. 2020 இல் இந்தத் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால், முதல் முறைக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, கூடவே 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். செய்தியில் வருவதெல்லாம் இந்தப் பாதைதான். இதில் அடிபட்டவர் ஒரு சாட்சி, அவ்வளவே.

2. சிவில் பாதை. இது அடிபட்டவருக்கும் ஓட்டுநர், வண்டி உரிமையாளருக்கும் இடையிலானது. ஓட்டுநரின் கவனக்குறைவால் எனக்கு இந்த நஷ்டம் என்று சொல்லி இழப்பீடு கேட்பது. பணம் வருவது இந்த வழியில்.

இரண்டிலும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் யார் சொல்வது கூடுதலாக நம்பும்படி இருக்கிறது என்று பார்த்தாலே போதும். ஆகவே போலீஸ் "மேல் நடவடிக்கை இல்லை" என்று கோப்பை மூடினாலும், பாதசாரி மீதே தவறு என்று எழுதியிருந்தாலும், சிவில் வழக்குக்குக் கதவு சாத்தப்படுவதில்லை. போலீஸின் முடிவு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அதை வைத்து எதிர்த்தரப்பு வாதாடும் என்பது வேறு விஷயம்.

குற்றவியல் நீதிமன்றமே இழப்பீடு கொடுக்கச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426 ஆம் பிரிவின் கீழ் அரசுத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தர உத்தரவிடலாம். ஆனால் அது ஓட்டுநரின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டிய பணம். அந்தப் பையில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தால், அடுத்த பகுதி ஏன் முக்கியம் என்பது புரியும்.

மூன்றாம் தரப்பு என்றால் யார்?

வண்டிக்கு ரோட் டாக்ஸ் எடுக்கும்போது 'தர்ட் பார்ட்டி' என்ற சொல்லை எல்லாரும் கேட்டிருப்போம். முதல் தரப்பு வண்டிக்காரர். இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்பு வெளியாள். அதாவது அந்த வண்டியால் அடிபடக்கூடிய யாரோ ஒருவர். நடந்து போகிறவர் அந்த யாரோ.

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90 ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்கிறது. வண்டிக்காரரின் கார் நொறுங்கினால் காப்பாற்ற அல்ல இந்தக் கட்டாயம். அவரால் பிறருக்குச் சாவோ காயமோ நேர்ந்தால் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும் என்பதற்காக. மலேசியக் காப்புறுதிப் பத்திரங்களில் பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 30 லட்சம் ரிங்கிட் என்று வரம்பு போட்டிருப்பார்கள். உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் வரம்பு கிடையாது. ஆக, "எனக்கு இன்சூரன்ஸ் இல்லையே" என்று நடந்து போனவர் கவலைப்படத் தேவையில்லை. மோதிய வண்டியின் காப்புறுதி அவருக்காகவும்தான் எடுக்கப்பட்டது.

நடைமுறையில் இது இப்படி நகரும்:

1. வழக்கு ஓட்டுநர் மீதும் உரிமையாளர் மீதும் போடப்படும். லாரி ஓட்டுநர் வேலை நேரத்தில் மோதியிருந்தால் அவருடைய முதலாளியையும் சேர்ப்பார்கள். காப்புறுதி நிறுவனத்தின் பெயர் தொடக்கத்தில் பிரதிவாதியாக இருக்காது.

2. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட ஏழு நாட்களுக்குள்ளோ, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும். அதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96 ஆம் பிரிவு கேட்கும் நிபந்தனை இது. சின்னக் கடிதம்தான். அது போகவில்லையென்றால், கையில் தீர்ப்பு இருந்தும் நிறுவனம் பணம் தர மறுக்க இடம் கிடைத்துவிடும்.

3. வண்டிக்காரரின் சார்பில் வழக்கை நடத்துவது பெரும்பாலும் நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர்தான். தீர்ப்பு வந்தால் பணத்தைக் கொடுப்பதும் நிறுவனமே.

ஓட்டுநர் குடித்திருந்தார், லைசென்ஸ் இல்லை என்றால் காப்புறுதி செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. வண்டிக்காரரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். பாதசாரியைப் பொறுத்தவரை அல்ல. அந்தக் காரணங்களைக் காட்டி மூன்றாம் தரப்பிடம் கைவிரிக்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

"நீங்கதானே குறுக்கே வந்தீங்க"

அடிபட்டவர்கள் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தால்தான். நூறு அடியில் மேம்பாலம் இருந்தும் ஏறவில்லை, பச்சை விளக்கு வரும்வரை நிற்கவில்லை, போன் பேசிக்கொண்டே இறங்கினேன். ஆகவே கேட்க உரிமை இல்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12 ஆம் பிரிவு சொல்வது பங்கு பிரிக்கும் கணக்கு. இரண்டு பேர் மீதும் தவறு இருந்தால், பாதிக்கப்பட்டவரின் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். முழுவதுமாக இல்லாமல் போகாது. நடந்தவர் மீது 30 விழுக்காடு என்று நீதிபதி முடிவு செய்தால், 100,000 ரிங்கிட் 70,000 ஆகும். முழுத் தவறும் நடந்தவருடையதே என்று தீர்ப்பாவதும் உண்டுதான். வண்டி ஒழுங்கான வேகத்தில் தன் பாதையில் வர, நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் திடீரென்று பாய்ந்தால் ஓட்டுநர் என்ன செய்ய முடியும்?

இடைப்பட்ட நிலைமைதான் அதிகம். அங்கே விழுக்காட்டைத் தீர்மானிப்பது சின்னச் சின்ன விவரங்கள். மோதியது சாலையின் எந்தப் பாதையில்? ஓரத்திலிருந்து ஓரடி இறங்கியதும் மோதியதா, பாதிக்கு மேல் கடந்துவிட்ட பிறகா? பாதிக்கு மேல் கடந்தவரை ஓட்டுநர் பார்த்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தெருவிளக்கு எரிந்ததா? மழையா? காரின் முன்பக்கம் நசுங்கியதா, பக்கக் கண்ணாடி மட்டும் உடைந்ததா? டயர் தேய்ந்த தடம் எத்தனை மீட்டர்? பிரேக் தடமே இல்லையென்றால் ஓட்டுநர் ஆளைப் பார்க்கவே இல்லை என்றாகிறது, அது அவருக்கு எதிராகப் போகும்.

ஜார்ஜ்டவுனில் இன்னொரு வகை உண்டு. அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன்புற நடைபாதையில், மேசை, அடுப்பு, நிறுத்திவைத்த மோட்டார் எல்லாம் அடைத்துக்கொள்ள, நடப்பவர் சாலையில் இறங்கித்தான் போயாக வேண்டும். பின்னாலிருந்து கார் உரசுகிறது. "சாலையில் ஏன் நடந்தார்?" என்ற கேள்விக்கு அந்த அடைபட்ட அஞ்சடியின் படம் ஒன்றே பதில். அடுத்த நாளே போய் எடுத்தால் கிடைக்கும். ஓர் ஆண்டு கழித்துப் போனால் கடையே மாறியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் நீதிமன்றம் பெரியவர்களுக்கு வைக்கும் அளவுகோலை வைப்பதில்லை. பள்ளி வாசலில் ஏழு வயதுப் பிள்ளை ஓடுவான் என்பதை ஓட்டுநர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு போடும் முறை

தொகை மூன்று வகையாகப் பிரியும்.

முதலாவது, வலிக்காகவும் உடல் குறைபாட்டுக்காகவும் கொடுப்பது. முறிந்த எலும்பு, தழும்பு, குட்டையான கால் என ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றங்கள் வழக்கமாக எவ்வளவு கொடுக்கின்றன என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. 2018 இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவ்வளவு கிடைத்ததாமே என்ற ஒப்பீடு இங்கே உதவாது. அவருடைய மருத்துவ அறிக்கையில் இருந்த ஒரு வரி உங்களுடையதில் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது, கையை விட்டுப்போன பணம். மருந்து, ஊன்றுகோல், மருத்துவமனைக்குப் போய்வந்த கிராப் கட்டணம், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கவனித்துக்கொண்டால் அதற்கும் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். தனியார் மருத்துவமனைக் கட்டணம் கேட்டால், அரசு மருத்துவமனை இருக்க அங்கே ஏன் போனீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். அரசு மருத்துவமனையில் அறுவைக்கு எத்தனை வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள் என்பதைக் காட்டும் சீட்டு அப்போது கைகொடுக்கும்.

மூன்றாவது, இனிமேல் இழக்கப்போகும் சம்பாத்தியம். இதற்குச் சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு ஒரு வாய்பாடே எழுதி வைத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி:

1. விபத்தின்போது 30 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால், 16 ஆண்டுச் சம்பளம்.
2. 31 முதல் 59 வரை என்றால், 60 இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும்.
3. 60 ஆகிவிட்டால் எதிர்காலச் சம்பாத்தியம் என்று எதுவும் இல்லை.

திருத்தத்துக்கு முன்பு 60 என்ற இடத்தில் 55 இருந்தது.

நம் செந்தூல்காரருக்கு வருவோம். வயது 42. 60 இல் 42 போக 18; அதில் பாதி 9 ஆண்டு. சம்பளம் 2,400 ரிங்கிட். தன் சொந்தச் செலவுக்கு 900 என்று வைத்தால், அதைக் கழிக்கச் சொல்கிறது சட்டம். மீதி 1,500. அதை 12 மாதத்தாலும் 9 ஆண்டாலும் பெருக்கினால் 162,000 ரிங்கிட். இது அவர் இனி வேலையே செய்ய முடியாத நிலையில். அவர் மீதும் 30 விழுக்காடு தவறு என்றால் 113,400. திரும்ப வேலைக்குப் போய் குறைந்த சம்பளம் வாங்கினால், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் கணக்கு.

இந்த வாய்பாட்டில் ஒரு வினோதம் இருக்கிறது. அதே 1,500 ரிங்கிட்காரர் 30 வயதில் அடிபட்டால் 16 ஆண்டு, 288,000. 31 வயதில் அடிபட்டால் பதினான்கரை ஆண்டு, 261,000. ஒரு பிறந்தநாளுக்கு 27,000 ரிங்கிட். நியாயமா என்று கேட்டால் இல்லை; ஆனால் நீதிபதி இதை மாற்றி எழுத முடியாது.

இதைவிட எனக்கு நெருடுவது, விபத்துக்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு என்பது. காலையில் கோயிலுக்கும் பாசாருக்கும் நடந்து போகிற பாட்டிக்கும், சம்பளமில்லாமல் வீட்டைத் தாங்கும் பெண்ணுக்கும் இந்த மூன்றாவது பெட்டி காலி. அவர்களுக்கு முதல் இரண்டுதான். அதனால் கேட்கவே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியைக் கவனிக்கும் செலவு சின்னத் தொகை அல்ல. இன்னொன்று: பலகாரம் விற்பவர், தையல் வேலை செய்பவர், டியூஷன் எடுப்பவர் எல்லாம் சம்பாதிப்பவர்களே. சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் வங்கிக் கணக்கு, ஆர்டர் வந்த வாட்ஸ்அப் செய்திகள், சரக்கு வாங்கிய பில் ஆகியவற்றால் அதைக் காட்டலாம்.

உயிர் போய்விட்டால் சிவில் சட்டத்தின் பிரிவு 7, பிரிவு 8. ஏழாவது, இறந்தவரை நம்பியிருந்த கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கானது. அண்ணன் தம்பிக்குப் பொதுவாக அதில் இடமில்லை. எட்டாவது, இறந்தவரின் சொத்தின் சார்பில் கேட்பது. ஈமச்சடங்குச் செலவும் கேட்கலாம். துயர இழப்பீடு என்று ஒரு நிலையான தொகை உண்டு; 10,000 ஆக இருந்ததை 2019 திருத்தம் 30,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. சட்டம் குறிப்பிடும் மிக நெருங்கிய உறவுகளுக்கு மட்டுமே அது.

சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு): வழக்கே இல்லாமல் வரும் பணம்

அவர் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாரா? அப்படியானால் யார் மீது தவறு என்ற கேள்வியே எழாத இன்னொரு கதவு திறக்கிறது. 1969 ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தையும், அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய்வருவதையும் வேலை விபத்துக்குள் சேர்க்கிறது. பயணம் என்றால் வண்டியில்தான் போக வேண்டும் என்றில்லை. எல்ஆர்டி நிலையத்துக்கு நடப்பதும் பயணமே. வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும்.

குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தரக் குறைபாடு என்றால் மருத்துவக் குழு மதிப்பிட்டு அதற்குத் தனி. சிகிச்சைச் செலவும் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அனுப்பினாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

சொக்சோ வாங்கினால் காப்புறுதியில் கேட்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 28ஏ பிரிவு, சட்டப்படி கிடைக்கும் இப்படிப்பட்ட சலுகைகளையும் சொந்தக் காப்புறுதிப் பணத்தையும் இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்கிறது. இரண்டையும் கேட்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் சட்டபூர்வ வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். மோதிய வண்டியின் காப்புறுதியோ குடியுரிமை பார்ப்பதில்லை. பெர்மிட் முடிந்து ஊர் திரும்பினாலும் இங்கே வழக்கறிஞர் மூலம் வழக்கைத் தொடரலாம். மருத்துவ அறிக்கையையும் போலீஸ் ஆவணங்களையும் விமானம் ஏறுவதற்கு முன் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓடிப்போன வண்டி, காப்புறுதி இல்லாத வண்டி, வண்டியே இல்லாத விபத்து

காப்புறுதி காலாவதியான வண்டி மோதினால், மேற்கு மலேசிய வாகனக் காப்புறுதியாளர் கழகம் என்ற அமைப்பு இருக்கிறது, எம்ஐபி என்பார்கள். காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து 1960களின் கடைசியில் அரசாங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இயங்குவது. வண்டிக்காரருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கியும் பணம் பெயரவில்லையென்றால் இங்கே கேட்கலாம்.

மோதிவிட்டு ஓடி, எண்ணும் தெரியவில்லை என்றால் நிலைமை கடினம். யார் மீது வழக்குப் போடுவது? எம்ஐபி கருணைத் தொகை கொடுப்பதைப் பரிசீலிக்கலாம். அது உரிமை அல்ல. ஆகவே அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

நின்றபடி ஓட்டும் சின்ன மின்சார ஸ்கூட்டர் மோதினால் நிலைமை இன்னும் மோசம். 2021 விதிகள் அவற்றைச் சாலையிலிருந்தே தடை செய்கின்றன. ரோட் டாக்ஸும் கிடையாது, மோட்டார் காப்புறுதியும் கிடையாது. ஓட்டியவரின் பையைத்தான் நம்ப வேண்டும்.

வண்டியே இல்லாமல், மூடியில்லாத சாக்கடையிலோ உடைந்த நடைபாதையிலோ விழுந்தவர் நகராண்மையின் மீது வழக்குப் போடலாம். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் பூமிக்குள் மறைந்துபோனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் கட்டாயக் காப்புறுதி என்ற பாதுகாப்பு இல்லை. பராமரிப்பில் தவறியது யார், முன்பே புகார் வந்திருந்ததா என்று தோண்ட வேண்டும். உள்ளூர் மன்றங்களுக்குச் சட்டம் சில பாதுகாப்புகளையும் கொடுத்திருக்கிறது. மோட்டார் விபத்து வழக்கைவிடப் பல மடங்கு கடினமான பாதை இது.

கெடு

பொதுவான கெடு, தீபகற்பத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு. இறந்தவரைச் சார்ந்தவர்கள் பிரிவு 7 இன் கீழ் கேட்க, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அரசாங்கமோ பொது அதிகாரமோ பிரதிவாதி என்றால் 36 மாதம். நகராண்மைக் குப்பை லாரியோ போலீஸ் வண்டியோ மோதினால் ஆறு ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அடிபட்டது சிறுவர் என்றால் அவர் 18 வயது அடைந்த பிறகே ஆறு ஆண்டுக் கணக்கு தொடங்கும், ஆனால் பெற்றோர் அவர் சார்பில் உடனே வழக்குப் போடலாம், போடுவதே நல்லது.

மோட்டார் விபத்து வழக்குகள், தொகை எவ்வளவு பெரிதானாலும், செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்குத் தீவில் லெபோ லைட்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. போலீஸ் புகார். ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது அவருடைய கதை. உங்கள் கதையும் பதிவாக வேண்டும். படுத்த படுக்கை என்றால் குடும்பத்தினர் போய்ச் செய்யலாம், பிறகு அவர் தேறியதும் தானே ஒன்று செய்யலாம். மலாயில் எழுதப்படும் அறிக்கையைப் படித்துப் புரிந்த பிறகே கையெழுத்து. "வலமிருந்து வந்தது" என்பது "இடமிருந்து" ஆகிவிட்டால், நீதிமன்றத்தில் அதைத் திருத்தப் பெரும்பாடு பட வேண்டும்.

2. கேமரா. கடை, அடுக்குமாடி வாசல், பின்னால் வந்த காரின் டேஷ்கேம். இவற்றில் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். எது முந்தும் என்றால் இதுவே முந்தட்டும்.

3. சாட்சியின் பெயர், போன் எண். நாசி லெமாக் கடை அக்கா பார்த்தார் என்றால், இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. மருத்துவரிடம் எல்லா வலியையும் சொல்வது. கால் வலியில் கழுத்து வலியை மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொன்னால், அது விபத்தால் வந்ததல்ல என்பார்கள்.

5. போலீஸின் விபத்து இட வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் இருந்தால் அவரே வாங்குவார்.

தரகர், வழக்கறிஞர், கையெழுத்து

மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே கையெழுத்துக்குப் படிவம் நீட்டினால், அவர் தரகர். தமிழிலேயே பேசுவார், உங்கள் ஊர்க்காரராகவும் இருப்பார். "ஜெயிச்சா மட்டும் கொடுங்க, 30 பர்சென்ட்" என்பார். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்று ஒப்பந்தம் போடுவதை 1976 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படி ஒன்றைத் தொடக்கத்திலேயே மீறுகிறவரிடம், கடைசியில் காசோலை வரும்போது என்ன எதிர்பார்ப்பது? வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும், கட்டணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேட்கலாம்.

காப்புறுதி நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் வேறு ஆள். அவர் மரியாதையாகவே பேசுவார். ஆனால் அவர் வேலை செய்வது நிறுவனத்துக்கு. அவரிடம் கொடுக்கும் வாக்குமூலமும் ஆவணம்தான்.

பெரும்பாலான வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை, நடுவிலேயே பேசி முடிகின்றன. அதில் தவறில்லை. ஆனால் ஒரே விபத்துக்கு ஒரே முறைதான் இழப்பீடு. வண்டிக்காரர் சாலையோரத்தில் 500 ரிங்கிட் கொடுத்து "இத்தோடு முடிஞ்சது" என்று எழுதி வாங்கும் தாளும், நிறுவனம் நீட்டும் முழுமையான இறுதித் தீர்வுக் கடிதமும் ஒரே வேலையைத்தான் செய்யும். காலில் பதித்த இரும்புத் தகட்டை எடுக்க வேண்டி வந்தால், அந்த அறுவை எலும்பு கூடிய பிறகுதான், பல மாதம் கழித்து வரும். மூன்றாவது மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டவர் அந்தத் தகட்டைத் தன் சொந்தக் காசில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.